குளத்தின் அடி தெரிய வேண்டும்

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் தண்ணீர் இருந்தது என்று சொல்வது, என் பள்ளிச் சான்றிதழில் மதிப்பெண்கள் இருந்தன என்று சொல்வதைப் போன்றது. இருந்தது உண்மை. வெளியே எடுத்துக் காட்டும்படி இல்லை, அவ்வளவுதான்.

சில வருடங்களாகப் பூட்டிக் கிடந்த குளம். பச்சை என்றால் பார்க்க நன்றாக இருக்கும் பச்சை இல்லை. யாரோ கசப்பு மருந்தைக் குடிக்க மாட்டாமல் துப்பிய பச்சை. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு கால்கள் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. சாயங்காலமானால் தவளைகள் கூட்டம் போடும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தைவிட அது ஒழுங்காக நடக்கும். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் தொடங்குவார்.

அந்தக் குளத்தைத்தான் அக்கா கேட்டாள்.

அக்கா நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். அவள் வேலை பார்த்த கிளப்பை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். அதிலிருந்து பகலில் துணிக்கடையில் நின்றபடி துணி விரித்துக் காட்டுகிறாள். சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நீச்சல் வகுப்பு எடுக்கிறாள். தண்ணீர் இல்லாமல்தான். பிள்ளைகள் ஸ்டூல்கள் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு கையையும் காலையும் அடிப்பார்கள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டுவார். ஒரு பையனின் அப்பா ஒருநாள் பொறுமையாகத்தான் கேட்டார்.

"டீச்சர், பையன் தரையில நல்லா நீந்தறான். தண்ணி எப்ப வரும்?"

இந்த மாதத்துக்குள் தண்ணீரைக் காட்டாவிட்டால் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று எல்லாரும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். குளம் கிடைத்தால் அக்கா துணிக்கடையை விடலாம். கிடைக்காவிட்டால் ஸ்டூல்களையும் மடக்கி வைத்துவிட்டு முழு நேரமும் துணி விரிக்க வேண்டியதுதான்.

ஆனால் சங்கம் குளத்தை மண் போட்டு மூடி, கார் நிறுத்துமிடம் ஆக்குவதாக இருந்தது. தீர்மானம் போடுவதற்கு முன்பே முதல் லாரி மண் வந்துவிட்டது. சங்கத்தில் ரெண்டு கார்க்காரர் என்று ஒருவர் உண்டு. ஒரு காரை வாசலிலும் இன்னொன்றை அடுத்தவர் வாசலிலும் நிறுத்துபவர். மண்ணை வரவழைத்தது அவர்தான்.

கூட்டத்துக்கு அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எதற்கு என்றால், பக்கத்து நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்று. அந்த வேலைக்கு நான் பொருத்தமானவள்.

சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். தடித்த கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அக்காவிடம் சொன்னார்.

"ஆழமான பக்கம், அடியில ஒரு இரும்புச் சல்லடை இருக்கும்மா. தண்ணி வெளியேறுற வழி. கரையில நின்னு பாத்தா அது தெரியணும். நானே பாக்கணும். அடுத்த கூட்டம் மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை. அன்னைக்குத் தெரிஞ்சா குளம் உங்க பொறுப்பு. தெரியலேன்னா மண்ணு. இன்னொண்ணு, புதுசா ஒரு வாளித் தண்ணிகூடத் தர மாட்டோம். இருக்கிற தண்ணியத்தான் தெளிய வைக்கணும்."

"சரி சார்," என்றாள் அக்கா. அவள் முதலில் சரி சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் தலையில் கை வைத்துக்கொள்வாள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அதிகம் இல்லை. பதினோராம் வகுப்பின் நடுவில் பள்ளியை விட்டவள் நான். வருகைப் பதிவில் என் பெயர் வரும்போது எழுந்து நின்று 'உள்ளேன்' சொல்ல வேண்டும். எனக்குத் தொண்டை பூட்டிக்கொள்ளும். டீச்சர் நிமிர்ந்து பார்க்காமலே வரவில்லை என்று குறித்துவிடுவார். இப்படி முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பாதி வருடம் நான் பள்ளிக்கு வரவில்லை. அப்புறம் நிஜமாகவே வராமல் இருந்தபோது யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அக்கா தன்னோடு கூட்டி வந்து வைத்துக்கொண்டாள். ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவாள். நீச்சல்காரியின் தங்கையாக இருந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. ஸ்டூல் மேல் படுத்துக்கூட ஒருமுறை விழுந்திருக்கிறேன்.

முதல் வேலை வலை வீசுவது. நீளக் கம்பின் நுனியில் கட்டிய வலையால் மேலே மிதப்பதையெல்லாம் அள்ள வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை. இலை, பந்து, ஒற்றைச் செருப்பு, யாரோ கோபத்தில் எறிந்த ரிமோட். அந்த ரிமோட்டைத் துடைத்து வைத்துவிட்டு, யாருடையது என்று வீடு வீடாகக் கேட்க வேண்டியிருக்குமே என்று பயந்து, சத்தமில்லாமல் குப்பையில் போட்டேன். நாற்காலியை அக்கா கயிறு கட்டி இழுத்தாள். தவளைகளை ஒரு வாளியில் பிடித்துப் பின்பக்கச் சாக்கடையோரம் விட்டோம். அவை சாயங்காலமே திரும்பி வந்து கூட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

பிறகு மோட்டார்க்காரர் வந்தார். துருப்பிடித்த பம்பைத் திறந்து பார்த்துவிட்டு, செத்தவர் வீட்டில் நிற்கிற முகத்தோடு சொன்னார்.

"இத ஓட்டிருவேன். நான் ஓட்டாத பம்பு இல்ல. ஃபில்டர் டேங்குல மணல மாத்துங்க. மணல் மாத்தி மருந்து அடிச்சீங்கன்னா, ரெண்டே நாள்ல தண்ணி கண்ணாடி!"

"கண்டிப்பா?" என்றாள் அக்கா.

"எழுதி வச்சுக்கோங்க."

மணல் மாற்றினோம். மருந்து என்பது குளோரின் தூள். வெயிலில் போட்டால் வீணாகிவிடும் என்று டப்பாவில் எழுதியிருந்ததால் பொழுது சாய்ந்த பிறகு முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கரைத்தோம். எவ்வளவு போடுவது என்பதற்கு நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்க வேண்டும். ஆழம் ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் ஆளை முழுங்கும். இதில் எந்த ஆழத்தைக் கணக்கில் எடுப்பது என்று நான் விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோதே அக்கா வாளியைக் கவிழ்த்துவிட்டாள்.

காலையில் போய்ப் பார்த்தால் பச்சை செத்துப்போயிருந்தது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தோம்: பச்சை செத்ததே தவிர, பிணம் தண்ணீரிலேயே இருந்தது. சாம்பல் கலந்த வெள்ளை. மாவுச் சட்டி கழுவிய தண்ணீர் மாதிரி. கையை விட்டால் முழங்கை தெரியவில்லை.

பம்பு நாள் முழுக்க ஓடியது. மணல் அழுக்கைப் பிடிக்கும், நாங்கள் வால்வைத் திருப்பி மணலைக் கழுவுவோம், மறுபடி ஓடும். பல நாள் இப்படியே. முழங்கை தெரிய ஆரம்பித்தது. அதோடு நின்றுவிட்டது. செத்த பாசி அத்தனை பொடியாக இருந்ததால் மணலுக்குள் புகுந்து மறுபக்கம் சௌகரியமாக வெளியே வந்துகொண்டிருந்தது. மோட்டார்க்காரரைக் கூப்பிட்டோம்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, மணல் மட்டும் போதாதுன்னு," என்றார்.

அவர் அப்போது சொன்னதை நான் உண்மையிலேயே எழுதி வைத்திருந்தேன். காட்ட வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

"படிகாரம் போடுங்க," என்றார். "பொடிச்சுக் கரைச்சு சுத்திலும் ஊத்துங்க. பம்பக் கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்திடுங்க. அப்புறம் ஒரு முழு நாள் தண்ணிய யாரும் தொடக்கூடாது. இப்பதான் தூங்கின கைக்குழந்தைன்னு நினைச்சுக்கோங்க. அழுக்கெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடியில போய் உக்காந்துடும். அப்புறம் உறிஞ்சுற குழாயைப் போட்டு, ஃபில்டருக்கு விடாம, நேரா சாக்கடைக்கு இழுத்து விட்டுடணும். நடுவுல ஒருத்தன் காலை விட்டாப் போதும், எல்லாம் எழும்பிடும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படிகாரம் ஊற்றினோம். சனிக்கிழமை துணிக்கடையில் அக்காவுக்கு லீவு கிடைக்காது. கேட்டால் அந்த வேலையும் போய்விடும். காவல் என் தலையில் விழுந்தது.

"உனக்கு ஒரே வேலைதான்," என்றாள் அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே. "குளத்தங்கரையில உக்காரு. யாராவது தண்ணிகிட்ட வந்தா 'வேண்டாம்'னு சொல்லு. ஒரே வார்த்தை. சொல்லிடுவியா?"

தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டாத, சொல்லு பாப்போம்."

"வேண்டாம்."

"என்கிட்ட சொல்லிடுவ. மத்தவங்ககிட்ட?"

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பழகினேன். கண்டிப்பாக ஒரு வேண்டாம், அன்பாக ஒரு வேண்டாம், பெரியவர்களுக்கு 'வேண்டாங்க'. எல்லாமே நன்றாக வந்தன. குளியலறையில் எனக்கு நல்ல குரல்.

ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. அதனால் ஒரு யோசனை செய்தேன். என்னையே மெச்சிக்கொண்டேன்கூட. ஒரு பெரிய அட்டையில் அறிவிப்பு எழுதி, குளத்தில் இறங்கும் ஏணியின் கைப்பிடியில் கட்டிவிட்டால், நான் வாயே திறக்க வேண்டாமே!

'இறங்காதீர்கள்' என்று ஒரு வார்த்தை எழுதினால் முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. 'மதிப்பிற்குரிய குடியிருப்போருக்கு, வணக்கம்' என்று ஆரம்பித்தேன். தண்ணீர் ஏன் கலங்கியது, பாசி எப்படிச் சாகிறது, படிகாரம் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். தூங்கும் குழந்தையை மோட்டார்க்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு தொட்டிலும் சேர்த்தேன். பாதி அட்டை தாண்டியபோது எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. கடைசி வரிக்கு இடமே இல்லை. அதைக் கொசு கால் வைத்தாற்போல எழுதினேன். யாரும் அதுவரை படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் அந்த வரியையே எழுதினேன்.

நான் யோசிக்காதது ஒன்றுதான். அத்தனை சிறிய எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் குளத்தின் விளிம்பு வரைக்கும் வர வேண்டும்.

வந்தார்கள். இத்தனை வருடம் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கமே திரும்பாமல் போனவர்கள் எல்லாம், என் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வரிசையாகக் குளத்தங்கரைக்கு வந்தார்கள். வாட்ச்மேன் அண்ணா விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார்; நான்காவது வரிக்குப் போகும்போது அவருடைய ஒரு கால் தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினேன். மீனைக் கரையில் போட்டால் அப்படித்தான் செய்யும். என் அறிவிப்பு இல்லாதிருந்தால் அன்று அந்தக் குளத்துப் பக்கம் ஈ, காக்கைகூட வந்திருக்காது.

வெயில் தாழ்ந்தபோது செயலாளரும் அவர் மனைவியும் நடைப்பயிற்சியை முடித்துக்கொண்டு வந்தார்கள்.

"என்னமோ எழுதியிருக்கே," என்றார் அவர்.

"நோட்டீஸ்தாங்க. வாங்க, காபி ஆறிடும்," என்றார் மனைவி.

"எழுதியிருந்தா படிக்கணும்ல."

தணிக்கை அதிகாரி. ஒரு வரியையும் விடவில்லை. எழுத்து சிறுக்கச் சிறுக்க அவர் குனிந்துகொண்டே போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிக்கு முகத்தை நீட்டினார். நான் எழுந்துவிட்டேன். குளியலறையில் பழகிய மூன்று வேண்டாமும் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்த்து, வாசலில் முட்டிக்கொண்டு நின்றன.

கண்ணாடி அவர் மூக்கிலிருந்து வழுக்கி விழுந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஆழமான பக்கத்தில் ஒரு சின்ன 'டுப்'. அவ்வளவுதான்.

"என் கண்ணாடி!" என்று கத்தினார். "வாட்ச்மேன்! ஓடி வா! இறங்கி எடு!"

"எனக்கு நீச்சல் தெரியாதுங்களே சார்."

"நீச்சல் எதுக்குய்யா? முங்கி எடுத்தாப் போதும்."

"முங்கறது தெரியும் சார். திரும்பி வர்றதுதான் தெரியாது."

"அப்ப அந்த வலைய விட்டுத் துழாவு!"

வாட்ச்மேன் அண்ணா நீளக் கம்பை எடுத்தார். என்னுடைய கம்பு. அந்த வலை ஒருமுறை அடியில் புரண்டால் போதும். படிந்ததெல்லாம் எழும்பும், ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாவுச் சட்டி, அப்புறம் மண். நான் ஓடிப்போய்க் கம்பின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார். நானும் இழுத்தேன். அவர் நல்ல மனிதர். ஒரு சின்னப் பெண்ணோடு கம்பு இழுக்கும் போட்டியில் ஏன் மாட்டிக்கொண்டோம் என்று புரியாமல் விழித்தார்.

"என்ன பாப்பா இது? வாயைத் தொறந்து சொன்னா ஆகாதா?"

வாயைத் திறந்தேன். இரண்டு வருடங்களில் வெளியார் முன்னால் நான் பேசிய முதல் வாக்கியம் அது. இன்னும் நல்லதாக ஏதாவது வந்திருக்கலாம்.

"அதுலயே எழுதியிருக்கு," என்றேன். அட்டையைக் கண்ணால் காட்டினேன்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். சரியாகச் சொன்னால், என் பக்கத்தில் இருந்த தூணின் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி இல்லாம எப்படிம்மா படிக்கறது?"

அவருடைய மனைவி அட்டையைக் கைப்பிடியிலிருந்து அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். எத்தனை சுலபம்! அவிழ்த்து எடுத்துச் சற்றுத் தள்ளி நின்று படிக்கலாம் என்று அதுவரை எனக்குக்கூடத் தோன்றவில்லை. அவர் உரக்க, நிறுத்தி நிறுத்திப் படித்தார். மதிப்பிற்குரிய குடியிருப்போருக்கு. பாசி. படிகாரம். தொட்டில். என் எழுத்து இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்பதற்குப் பதிலாகக் குளத்தில் குதித்துவிடலாம் என்றிருந்தது. ஆனால் குதித்தால் கலங்கிவிடும்.

கடைசி வரிக்கு வந்ததும் குரல் இறங்கியது.

"'இந்தக் குளத்தை விட்டால் என் அக்காவுக்கு வேறு தண்ணீர் இல்லை.'"

வாட்ச்மேன் அண்ணா இழுப்பதை நிறுத்தினார்.

"வாட்ச்மேன், கம்ப வைங்க," என்றார் அந்த அம்மா. "ஏங்க, ஒரு நாள் கண்ணாடி இல்லாம இருந்துடுங்க. பேப்பர்ல ஒண்ணும் நல்ல சேதி வரல."

"அது சரி. நாளைக்கு நான் எப்படிப் பாக்கறது? நான் பாக்கணும்னுதானே தீர்மானம்!"

"நாளைப்பாட்டை நாளைக்குப் பாக்கலாம். வாங்க, படி இருக்கு. இந்தப் பக்கம். அது செடி."

அக்கா வந்து எல்லாவற்றையும் கேட்டாள். நான் பாதியும், வாட்ச்மேன் அண்ணா நடித்துக்காட்டியபடி மீதியும் சொன்னோம்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன்டி," என்றாள். "நீ காவியம் எழுதி ஊரையே கூட்டியிருக்க." பிறகு கடைசி வரியை அவளாகவே படித்தாள். அட்டையை மடிக்காமல் அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. குளத்தைப் பார்த்து நாங்கள் இருவரும் பேசவில்லை. எனக்கு அது வழக்கம், அக்காவுக்கு அது புதிது. மேலே தண்ணீர் இருக்கிற இடமே தெரியவில்லை. அத்தனை தெளிவு. கீழே, தரை முழுக்க ஒரு சாம்பல் நிறப் போர்வை மெத்தென்று படிந்து கிடந்தது. ஆழமான பக்கம் அந்தப் போர்வையில் ஒரு சின்னக் குழி. அதற்குள் ஏதோ பளபளத்தது.

இனி உறிஞ்சி எடுக்க வேண்டும். கம்பின் நுனியில் தட்டையான தலை, அதிலிருந்து நீளக் குழாய், குழாயின் மறுபக்கம் பம்பு வழியாகச் சாக்கடை. தலையைத் தரையோடு ஒட்டி மெல்ல நகர்த்தினால் போர்வையைச் சுருட்டிக்கொண்டே போகும். கொஞ்சம் வேகம் கூடினாலும் புகை போல் எழும்பிவிடும். அக்கா முதல் இழுப்பிலேயே புகை கிளப்பினாள். தண்ணீரில் வேகமாகப் போவதையே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவள், பாவம்.

"நீ பிடி," என்றாள். "உன்னளவுக்கு மந்தமா யாராலும் முடியாது."

உண்மைதான். பல் துலக்குவதிலிருந்து படி ஏறுவது வரை என் மந்தத்தனத்துக்கு வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அதற்கும் ஒரு உத்தியோகம் இருக்கும் என்று யார் கண்டது? ஒரு கீற்று, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கீற்று. போர்வை போன இடத்தில் நீல டைல்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. தோள் வலி உயிரை எடுத்தது. அழுக்கோடு தண்ணீரும் சாக்கடைக்குப் போனதால் குளத்தின் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. செயலாளர் மாடியிலிருந்து கத்தினார்.

"தண்ணி குறையுது! தண்ணி குறையுது!"

"கண்ணாடி இல்லாம அது மட்டும் எப்படித் தெரியுது இவருக்கு?" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

ஆழமான பக்கத்துக்கு வந்தபோது சங்கத்தார் ஒவ்வொருவராக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். இரும்புச் சல்லடையைச் சுற்றி எடுத்துவிட்டேன். அது தெரிந்தது. துருவோடு, ஓட்டைகளோடு, அழகாகத் தெரிந்தது. ஆனால் கண்ணாடி சல்லடையை ஒட்டிக் கிடந்தது. உறிஞ்சும் தலையைப் பக்கத்தில் கொண்டுபோனால் அது கண்ணாடியையும் கவ்விக்கொள்ளும். அதனால் கண்ணாடியைச் சுற்றி மட்டும் ஒரு திட்டு அழுக்கை அப்படியே விட்டேன். அதற்குள் எல்லாரும் கரையில் வந்து நின்றுவிட்டார்கள்.

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு செயலாளர் விளிம்புக்கு வந்தார். குனிந்தார். கண்ணை இடுக்கினார்.

"வெளிச்சமா இருக்கு," என்றார். "அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல முடியல."

"சல்லடை நல்லாத் தெரியுதுங்க," என்றார் மனைவி.

ரெண்டு கார்க்காரர் தொண்டையைச் செருமினார். "அம்மா, நீங்க கமிட்டியில இல்ல. செயலாளர் தன் கண்ணால பாக்கணும்னு தீர்மானம். அவர் பாக்கல. எனக்கும் சரியாத் தெரியல. கலங்கலாத்தான் இருக்கு. லாரிக்காரனுக்குச் சொல்லிட்டேன், பத்து நிமிஷத்துல வந்துடுவான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். இறங்கிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தால் அவர் பார்த்துவிடுவார். ஆனால் இறங்கினால் அந்தத் திட்டு எழும்பும். சல்லடைக்குப் பக்கத்திலேயே எழும்பும். கண்ணாடி மாட்டிக்கொண்டு அவர் பார்ப்பது ஒரு சாம்பல் மேகமாகத்தான் இருக்கும்.

செயலாளர் திடீரென்று தூணைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த நோட்டீஸ் எழுதின பொண்ணு எங்க? இங்கதானே நிக்கிற? அவ்வளவு விவரமா எழுதினவ பொய் சொல்ல மாட்ட. நீ சொல்லும்மா. அடி தெரியுதா இல்லையா?"

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. நான் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. தெரியுது. அதைத் தேடி எடுத்துத் துடைத்து நாக்கின் மேல் வைத்துவிட்டேன். இனித் தள்ளிவிட வேண்டியதுதான். தொண்டை பூட்டிக்கொண்டது.

அக்கா காத்திருக்கவில்லை. என்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? துப்பட்டாவை உருவி என் மேல் போட்டுவிட்டு ஏணியில் இறங்கினாள். குதிக்கவில்லை. திருட வந்தவள் போல ஒவ்வொரு படியாக, தண்ணீர் அசையாமல், கழுத்துவரை இறங்கி, மூச்சை இழுத்து, உள்ளே போனாள். காலை உதைக்கவே இல்லை. ஏணியைக் கையால் தள்ளிய ஒரே தள்ளலில் சாய்ந்து, தலைகீழாக, ஒரு இலை இறங்குவதுபோல இறங்கினாள். அவளுடைய பின்னல், கொலுசு, முதுகில் சட்டைத் தையல் விட்டிருந்த இடம் வரை எல்லாம் மேலேயிருந்து தெரிந்தது.

எல்லாரும் விளிம்புக்கு நெருங்கி வந்துவிட்டார்கள். அக்காவின் கை தரைக்கு மேலே தடவியது. கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி.

"இடது பக்கம்! இடது பக்கம்!" என்றார் செயலாளரின் மனைவி.

"இடது இல்லைங்க!" என்று கத்தினார் ரெண்டு கார்க்காரர். உற்சாகத்தில் முட்டி போட்டுத் தண்ணீரை நோக்கிக் கையையே நீட்டிவிட்டார். "வலது கைப் பக்கம்! சல்லடையை ஒட்டி! கண்ணாடிக் காம்பு ஒண்ணு சல்லடை ஓட்டையிலேயே மாட்டியிருக்கு பாருங்க! அதோ, அதோ!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது.

செயலாளரின் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஓட்டை வரைக்கும் தெரியுதாக்கும்," என்றார். வாட்ச்மேன் அண்ணா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வேறு ஏதோ வேலை இருப்பது போல் அந்தப் பக்கம் போய்ச் சிரித்தார்.

அக்கா இரண்டு விரலால் காம்பைப் பிடித்துக் கண்ணாடியை உருவினாள். ஒரு மெல்லிய கீற்றுப் புகை எழுந்து, அப்படியே படிந்தது. மேலே வந்து மூச்சுவிட்டுக்கொண்டே நீட்டினாள். செயலாளர் ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டார். நீர் சொட்டச் சொட்ட, வெகுநேரம், தணிக்கை செய்வதுபோல் மூலை மூலையாகப் பார்த்தார். நாக்கின் மேல் அந்த வார்த்தை இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"என்னம்மா இது," என்றார் கடைசியில், கோபமாக. "சல்லடைக்கு அந்தப் பக்கம் ஒரு டைல் உடைஞ்சிருக்கு! பிள்ளைங்க காலைக் கிழிச்சுக்காதா? இதுக்கு யார் பொறுப்பு?"

அக்காவின் முகத்தில் சிரிப்பு மெதுவாக வந்தது. தண்ணீரில் நின்றபடி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் சார் பொறுப்பு. மாத்திடறேன்."

"எப்ப?"

"வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி."

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மாத்திடணும். நான் வந்து பாப்பேன்," என்று சொல்லிவிட்டு, ரெண்டு கார்க்காரரிடம் திரும்பினார். "லாரிக்காரனுக்கு போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடுங்க."

எல்லாரும் கலையத் தொடங்கினார்கள். அப்போதுதான் என் தொண்டை திறந்தது.

"தெரியுது!" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகவே வந்துவிட்டது. மாடியில் ஒரு ஜன்னல்கூடத் திறந்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இந்த முறை தூணை விட்டு, என்னையே நேராகப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார் தன்மையாக. "தெரியுது."